கோட்டைவாசலில் தொடங்கி இந்திய எல்லையை ஒரு சுற்று வருவது எப்படி

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற சாலையில் புளியரையைத் தாண்டி எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல் வரும். தமிழக–கேரள எல்லையில் கருப்பசாமி கோயில் இருக்கிற இடம். வைக்கோல் லாரியும் காய்கறி வண்டியும் அங்கே ஒரு நிமிடம் நின்று, சூடம் காட்டிவிட்டுத்தான் அந்தப் பக்கம் ஆரியங்காவுக்கு இறங்கும். இந்தியாவின் எல்லைகளைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களை நான் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன். அதற்குப் பிறகுதான் அட்லஸ்.

எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் கொஞ்சம் பேர் சேர்ந்து படிக்கிறோம். குரூப் 4 எழுதுகிற செங்கோட்டைப் பிள்ளைகள் வருவார்கள். கேரள பி.எஸ்.சி.க்குப் படிக்கிற ஆரியங்காவுப் பிள்ளைகளும் வருவார்கள். இரண்டு தேர்விலும் அண்டை நாடுகளைப் பற்றிய கேள்வி வரும். நானும் அந்தப் பட்டியலை ஒரு காலத்தில் மனப்பாடம் செய்தவன்தான். நிலத்திலும் கடலிலும் நமக்கு எல்லையாக இருக்கும் நாடு எது என்று ஒரு தேர்வில் கேட்டார்கள். நான் இலங்கை என்று குறித்துவிட்டு வந்தேன். பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் நினைவிருந்தன. எந்த நாடு எங்கே, எப்படித் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற படம் மட்டும் மனதில் இல்லை. அந்தப் படத்தை உண்டாக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மழையைப் பாருங்கள்

ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது கோட்டைவாசலுக்குப் போங்கள். மேற்கே இறங்குகிற தண்ணீர் கழுதுருட்டி ஆற்றில் சேர்ந்து, கல்லடையாறாகி, அஷ்டமுடிக் காயல் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே இறங்குகிற தண்ணீர் நம் ஊர் ஓடைகளில் இறங்கி, சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைத் தொடுகிறது. ஒரே மேகம்தான், போய்ச் சேர்கிற கடல்கள் இரண்டு. இப்படித் தண்ணீர் பிரிகிற முகட்டை எல்லையாக வைப்பது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு இமயமலை எல்லையை விளக்க அதிக நேரம் ஆகாது.

இன்னொன்றையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். 1956 நவம்பர் 1 வரை தமிழக–கேரள எல்லை இந்த முகட்டில் இல்லை. செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம், தென்காசி சென்னைப் பக்கம். எல்லை இரண்டு ஊருக்கும் நடுவில், வயல்களுக்குள் ஓடியது. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. அதே நாளில் பாலக்காடு உள்ளிட்ட மலபார் கேரளத்துக்குப் போனது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது, கோடு மட்டும் நகர்ந்தது. கோடு மனிதர்கள் போடுவது என்பதைப் புதியவர் முதலிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் வரும் தகராறுகள் எல்லாம் புரியும்.

வரப்பு, ஓடை, கல்

கிராமத்தில் நிலம் வைத்திருக்கும் யாருக்கும் எல்லை என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் வயலுக்கும் அடுத்தவர் வயலுக்கும் நடுவில் வரப்பு இருக்கும். இல்லையென்றால் ஓடை இருக்கும். இரண்டும் இல்லையென்றால் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்துக் கல் நட்டிருப்பார். நாட்டின் நில எல்லையும் இந்த மூன்றுதான்.

மலைமுகடு என்பது பெரிய வரப்பு. சீனா, மியான்மர் பக்கங்களில் பெரும்பாலும் இதுதான். ஆறு என்பது ஓடை. நேபாளத்தின் மேற்கு எல்லையில் மகாகாளி, கிழக்கு எல்லையில் மேச்சி. கல் என்பது ஒருவர் மேசையில் உட்கார்ந்து போட்ட கோடு. பாகிஸ்தானோடும் வங்கதேசத்தோடும் நமக்கு இருக்கிற எல்லையில் பெரும்பகுதி அந்த வகை.

இந்த மூன்று சொல்லை நோட்டில் மேலே எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்டு எல்லையைப் படித்தாலும், இது வரப்பா, ஓடையா, கல்லா என்று கேட்டுவிட்டு அப்புறம் கிலோமீட்டரைப் படியுங்கள். எண் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு தாள், ஒரு அடிக்கோல்

பெரிய டிராயிங் ஷீட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியா தெற்கு வடக்காக 3,214 கிலோமீட்டர், மேற்கு கிழக்காக 2,933 கிலோமீட்டர். 1 செ.மீ.க்கு 100 கிலோமீட்டர் என்று வைத்தால் 32 செ.மீ. உயரமும் 29 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கட்டம் போதும். பென்சிலால் மெல்லிதாகப் போடுங்கள்.

அந்தக் கட்டத்துக்குள் ஆறு புள்ளிகள் வையுங்கள். கீழ்க் கோட்டில், இடது ஓரத்திலிருந்து 9 செ.மீ. தள்ளி கன்னியாகுமரி. இடது கோட்டில், கீழிருந்து 17 செ.மீ. உயரத்தில் குஜராத்தின் கட்ச். மேல் கோட்டில், இடது ஓரத்திலிருந்து 7 செ.மீ. தள்ளி நாட்டின் வடமுனை. வலது கோட்டில், கீழிருந்து 22 செ.மீ. உயரத்தில் அருணாசலத்தின் கிழக்கு முனை. பிறகு, இடமிருந்து 21, கீழிருந்து 15 செ.மீ.யில் சுந்தரவனம். இடமிருந்து 20, கீழிருந்து 20½ செ.மீ.யில் சிலிகுரி. எல்லாமே ஏறத்தாழத்தான், ஆனால் கை பழகுவதற்கு இது போதும். நம் செங்கோட்டை எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கன்னியாகுமரிக்கு மேலே 1 செ.மீ. அந்தப் புள்ளியைக் கட்டாயம் வையுங்கள். தன் ஊர் இல்லாத படம் யாருக்கும் மனதில் நிற்காது.

சரி, புள்ளிகளை இணைத்துப் பார்க்க எந்தப் படத்தைப் பார்ப்பது? சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் படத்தை மட்டும் பாருங்கள். 1767-ல் தொடங்கிய துறை அது. இணையத்தில் கிடைக்கும் படங்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. கூகுள் மேப்பிலேயே எந்த நாட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து காஷ்மீரின் கோடு மாறும். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடச் சுவரில் இந்தியப் படம் வரைய உதவப் போனேன். அவசரத்தில் போனில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்து வரைந்துவிட்டோம். வர்ணமும் அடித்த பிறகுதான் தலைப்பகுதி குறைந்திருப்பதைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்து மறுபடி முதலிலிருந்து வரைந்தோம். இது சட்டமும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ஆரம்பத்திலேயே சரியான படத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

படம் வரைய உட்காரும்போது பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்கிற செய்தி ஒன்று உண்டு. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய அளவைப் பணிக்கு வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1802-ல் அடிக்கோடு, அதாவது முக்கோணங்களுக்கு அடிப்படையான கோடு, அளந்தது சென்னையில், பரங்கிமலைக்குப் பக்கத்தில். இமயமலையின் உயரம் வரை போய்ச் சேர்ந்த அளவை நம் ஊரில் தொடங்கியது.

வலமாக ஒரு சுற்று

கோயில் பிரகாரம் சுற்றுவது மாதிரி எப்போதும் வலமாகவே சுற்றுங்கள். கட்ச்சில் தொடங்கி வடக்கே ஏறி, கிழக்கே போய், சுந்தரவனத்தில் கடலில் இறங்குங்கள். வேறு வேறு இடத்தில் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேறு வரிசை வரும். அது குழப்பம்.

முதல் நாடு பாகிஸ்தான், 3,323 கிலோமீட்டர். குஜராத், ராஜஸ்தான், பஞ்சாப், ஜம்மு காஷ்மீர், லடாக் என்று ஏறுகிறது. பஞ்சாப் வரைக்கும் கல். சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலையில் வந்து ஏறத்தாழ ஐந்து வாரத்தில் பஞ்சாபிலும் வங்காளத்திலும் கோட்டைப் போட்டு முடித்தார். சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் கோடு எங்கே என்று மக்களுக்குச் சொன்னார்கள். ஐந்து வாரத்தில் போட்ட கோட்டுக்காக எத்தனை லட்சம் பேர் வீட்டை விட்டு நடந்தார்கள் என்பதை நினைத்துவிட்டுத்தான் அந்தக் கோட்டை வரைய வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

காஷ்மீருக்கு மேலே போனதும் பட்டா, அனுபவம் என்ற இரண்டு சொல் வேண்டும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், நிலம் இன்னொருவர் அனுபவத்தில் இருக்கும். நம் ஊர் நீதிமன்றங்களில் இது எத்தனை வழக்கு! ஜம்மு காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோடு என்பது 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தப் பெயர் பெற்றது. இரு தரப்பின் அனுபவமும் எங்கே முடிகிறது என்று காட்டுகிற கோடு அது. சீனாவோடு உள்ள மெய்யான கட்டுப்பாட்டுக் கோடும் அனுபவக் கோடுதான். அது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு படத்தில் முழுமையாகப் போடப்படாத கோடு. ஆப்கானிஸ்தானோடு 106 கிலோமீட்டர் எல்லை என்று நம் அரசு சொல்வதும் பட்டாப்படி. அந்தப் பகுதி பாகிஸ்தானின் அனுபவத்தில் இருக்கிறது. தேர்வில் நில அண்டை நாடுகள் எத்தனை என்று கேட்டால் ஆப்கானிஸ்தானையும் சேர்த்து ஏழு என்று எழுதுங்கள். ஏன் என்று யாராவது கேட்டால் மேலே சொன்னதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சீனா, 3,488 கிலோமீட்டர். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் சீனா ஒரே நீட்டமாக வராது. லடாக், இமாசலம், உத்தராகண்ட் வரை ஒரு துண்டு. நடுவில் நேபாளம் வந்துவிடும். சிக்கிமில் இன்னொரு சிறிய துண்டு. பிறகு பூடான். அப்புறம் அருணாசலத்தில் 1,126 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடைசித் துண்டு. சுற்றி வரும்போது சீனாவை மூன்று முறை தொடுவீர்கள். படத்தில் அதற்கு மட்டும் ஒரு தனி நிறம் கொடுங்கள்.

அருணாசலத் துண்டுதான் மக்மோகன் கோடு. 1914-ல் சிம்லாவில் பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் ஒப்புக்கொண்டது, சீனா ஏற்காதது. கோட்டைவாசலில் பார்த்த மழை இங்கே உதவும். பெரும்பாலும் உயரமான முகட்டை ஒட்டியே கோடு போகிறது. ஆனால் சியாங் ஆறு திபெத்திலிருந்து அந்த மலையைக் குடைந்துகொண்டு உள்ளே வந்து, அசாமில் பிரம்மபுத்திரா ஆகிறது. முகடு என்றால் தண்ணீர் தாண்டக் கூடாது, இங்கே தாண்டுகிறது. வரப்பில் உடைப்பு மாதிரி. இயற்கை எல்லை என்று சொல்வதெல்லாம் முழுக்க இயற்கை இல்லை என்பதற்கு இது போதும்.

நேபாளம் 1,751 கிலோமீட்டர். உத்தராகண்ட், உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்கம், சிக்கிம் என்று ஐந்து மாநிலங்களைத் தொடுகிறது. 1816-ல் உறுதியான சுகௌலி ஒப்பந்தத்தில் மகாகாளி ஆறு எல்லை ஆனது. அந்த ஆறு எந்த ஊற்றில் பிறக்கிறது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. காலாபானி தகராறு என்று செய்தியில் வருவது அதுதான். ஓடை எல்லையாக இருந்தால் ஓடையின் தலை எது என்ற சண்டை வரும் என்பது விவசாயிக்குத் தெரிந்ததுதானே. அதே சமயம், விசா இல்லாமல் இரு நாட்டு மக்களும் நடந்து போய்வருகிற எல்லையும் இதுவே. புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் நாம் போய்வருவதுபோல ரக்சௌலிலிருந்து பீர்கஞ்ச் போய்வருகிறார்கள்.

பூடான் 699 கிலோமீட்டர். சிக்கிம், மேற்கு வங்கம், அசாம், அருணாசலம். இதுவும் திறந்த எல்லைதான். இந்தியா, சீனா, பூடான் சேருகிற முக்கில் டோக்லாம் இருக்கிறது. 2017-ல் இந்திய, சீன ராணுவங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் எதிரெதிரே நின்ற இடம். அதற்குத் தெற்கே சிலிகுரியில் பென்சிலை நிறுத்துங்கள். நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் நடுவில் நம் நிலம் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான். செங்கோட்டையிலிருந்து தென்மலை போகிற தூரம்கூட இல்லை. வடகிழக்கின் அத்தனை மாநிலங்களுக்கும் போகிற ரயிலும் சாலையும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். நமக்குக் கொல்லம் ரயில் 1904-ல் வந்த கணவாய் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. நமக்குச் சுற்றிப் போக வேறு கணவாய்கள் உண்டு, அவர்களுக்கு இல்லை.

மியான்மர் 1,643 கிலோமீட்டர். அருணாசலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம். இங்கே தமிழர்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய ஓர் ஊர் இருக்கிறது. மணிப்பூரின் எல்லை ஊரான மோரே. பர்மாவில் 1960-களில் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது, அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஏராளமானோர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். இங்கே பிழைக்க வழியில்லாமல் சிலர் தரைவழியாகவே மறுபடி பர்மாவுக்குப் போகப் பார்த்தார்கள். எல்லையில் அவர்களைத் தடுத்துவிட்டார்கள். தடுத்த இடத்திலேயே குடியேறினார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். நாட்டின் எல்லை என்பது யாரோ தொலைதூரத்தில் இருப்பவர்களின் சங்கதி என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் மோரேயைத்தான் காட்டுவேன். நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் தலைவர் வீட்டுக்குள்ளேயே எல்லை போகிறது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம்.

கடைசி, வங்கதேசம். 4,096.7 கிலோமீட்டர். இருப்பதிலேயே நீளமான எல்லை இதுதான், சீனா அல்ல. இந்த இடத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். படத்தில் சின்ன நாடு, அதனால் எல்லையும் சின்னது என்று நினைத்துவிடுகிறோம். மிசோரம், திரிபுரா, அசாம், மேகாலயா, மேற்கு வங்கம் என்று ஐந்து மாநிலங்கள் அதை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கின்றன. மேற்கு வங்கத்தில் மட்டும் 2,217 கிலோமீட்டர். கோடு வளைந்து வளைந்து போவதால் நீளம் ஏறிவிட்டது. 2015 ஜூலை 31 நள்ளிரவு வரை இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒருவர் தோப்புக்குள் இன்னொருவருக்கு நாலு சென்ட் இருப்பதுபோல, வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டு நிலங்களும், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டு நிலங்களும் இருந்தன. அங்கே பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், ஓட்டு, மின்சாரம் எதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அன்று இரவு இரு நாடுகளும் அவற்றை மாற்றிக்கொண்டன. எல்லைக் கோட்டைத் திருத்துவதும் நடக்கக்கூடிய வேலைதான் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

ஏழையும் கூட்டினால் 15,106.7 கிலோமீட்டர். ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டல் சரியாக வந்தால் ஏழு எண்ணும் சரியாக நினைவில் இருக்கிறது என்று அர்த்தம். நீள வரிசைக்கு எங்கள் பிள்ளைகள் வைத்திருக்கும் முதலெழுத்து 'வ, சீ, பா, நே, மி, பூ, ஆ'. வாய்விட்டு நாலு தடவை சொன்னால் போதும்.

மாநிலங்களைப் பொறுத்தவரை ஒன்று மட்டும். பதினாறு மாநிலங்களும் ஜம்மு காஷ்மீர், லடாக் யூனியன் பிரதேசங்களும் வெளிநாட்டு நில எல்லை உடையவை. சிக்கிம், மேற்கு வங்கம், அருணாசலம் மூன்றும் ஆளுக்கு மூன்று நாடுகளைத் தொடுகின்றன. வெளிநாட்டு எல்லையும் இல்லாமல் கடலும் இல்லாமல் இருப்பவை அரியானா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், தெலங்கானா.

இனிக் கடல்

கடலில் வரப்பும் கிடையாது, ஓடையும் கிடையாது, கல்லும் நட முடியாது. அதனால்தான் கடைசியாக வைத்தேன்.

கடல் எல்லையைக் கடல் மைலில் சொல்வார்கள். 1 கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை நம் ஆட்சிக்கடல். அது நம் நிலம் மாதிரியே. 24 வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றில் கண்காணிக்கும் அதிகாரம் உண்டு. 200 கடல் மைல், சுமார் 370 கிலோமீட்டர் வரை மீனும் எண்ணெயும் நமக்கு, ஆனால் எந்த நாட்டுக் கப்பலும் போகலாம். உங்கள் தாளில் கரையிலிருந்து 3.7 செ.மீ. தள்ளி ஒரு கோடு போட்டால் அதுதான் 200 கடல் மைல். அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் அப்படியே சுற்றிப் போடுங்கள். போட்டு முடித்ததும் நம் கோடு வேறு நாட்டுக் கோட்டோடு எங்கெல்லாம் முட்டுகிறது என்று பாருங்கள். அந்த நாடுகள்தான் கடல் அண்டை நாடுகள்.

தாய்லாந்தும் இந்தோனேசியாவும் நம் பக்கத்து நாடுகள் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சென்னையிலிருந்து பார்த்தால் நம்ப முடியாதுதான். அந்தமான் நிக்கோபாரில் நின்று பார்க்க வேண்டும். நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா பக்கம் சுமார் 150 கிலோமீட்டர். செங்கோட்டையிலிருந்து மதுரை போகிற தூரம். மியான்மரின் கோகோ தீவுகள் அந்தமானின் வடமுனைக்கு அதைவிடப் பக்கம். லட்சத்தீவின் மினிக்காய்க்குத் தெற்கே, எட்டாவது அட்சக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மாலத்தீவு. மினிக்காயில் பேசுகிற மொழி மாலத்தீவு மொழியின் கிளை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பேச்சு இருப்பது ஆரியங்காவுக்காரர்களுக்குப் புதிதில்லை.

வங்கதேசத்தில் தொடங்கி வலமாகவே வந்தால் மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா, இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான். ஆக ஏழு. இவற்றில் வங்கதேசம், மியான்மர், பாகிஸ்தான் மூன்றும் நிலத்திலும் வருகின்றன. நான் தவறவிட்ட கேள்வியின் விடை இந்த மூன்றில்தான் இருந்தது. நிலம் ஏழு, கடல் ஏழு, இரண்டிலும் வருபவை மூன்று. மொத்தம் பதினொரு நாடுகள்.

கிழக்கே பெரும்பாலான கோடுகள் பேசி முடிந்தவை. வங்கதேசத்தோடு இருந்த வழக்கு 2014 ஜூலையில் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் முடிந்தது. தகராறில் இருந்த கடலில் 19,467 சதுர கிலோமீட்டர் அவர்களுக்குப் போனது, இரு நாடும் ஏற்றுக்கொண்டன. மேற்கே சர் கிரீக் என்ற 96 கிலோமீட்டர் நீளக் கழிமுகம் மட்டும் பாகிஸ்தானோடு முடியாமல் நிற்கிறது. ஓடையின் நடுவில் எல்லையா, ஒரு கரையில் எல்லையா என்பதுதான் அங்கே கேள்வி.

இலங்கைக்கு வருவோம். இது நம் வீட்டு விஷயம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் 12 கடல் மைல் என்றால் 44 கிலோமீட்டர் கடல் வேண்டும். அவ்வளவு கடல் அங்கே இல்லை. அதனால் நடுவில் பேசித்தான் கோடு போட முடியும். 1974 ஜூனில் பாக் நீரிணையில் போட்டார்கள். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் நீட்டினார்கள். அதே ஆண்டு இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் சேருகிற புள்ளியையும் குறித்தார்கள். 285 ஏக்கர் கச்சத்தீவு 1974 கோட்டில் இலங்கைப் பக்கம் போனது. அங்கே நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் போய்வரலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

கோட்டைவாசலில் கருப்பசாமி கோயிலைப் பார்த்ததும் லாரிக்கார அண்ணாச்சிக்கு எல்லை வந்துவிட்டது என்று தெரியும். ராமேசுவரத்து மீனவருக்கு இரவில், காற்றும் நீரோட்டமும் இழுக்கிற கடலில், எதைப் பார்த்துத் தெரியும்? ஜிபிஎஸ் கருவியில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். மீன் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. பல தலைமுறையாகப் போய்வந்த கடல் அது என்பது ஒரு பக்கம். போர் முடிந்து மறுபடி தொழிலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களும் தமிழர்கள்தான், நம் இழுவைப் படகுகள் அவர்கள் வலையைக் கிழிக்கின்றன என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும் என்பது என் எண்ணம். கடல் எல்லையைப் பற்றி இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படிக்கிற பிள்ளை, ஒரு கைது செய்தி வரும்போது படத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும்.

கரை நீளம் ஏன் மாறியது

பழைய புத்தகங்களில் இந்தியக் கடற்கரை 7,516.6 கிலோமீட்டர் என்று இருக்கும். இப்போது அரசு தருவது 11,098.8. கரை வளர்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை, அளந்த படம் மாறியிருக்கிறது. முன்பு 45 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் அளந்தார்கள். இப்போது இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு படம். பெரிய படத்தில் ஒவ்வொரு குடாவும் கழிமுகமும் தெரியும், நீளம் கூடும்.

இதைக் கையால் செய்து பாருங்கள். உங்கள் தாளில் வரைந்த நில எல்லையின் மேல் பூத்தொடுக்கிற நூலை வைத்து அளந்தால் 151 செ.மீ. வர வேண்டும். வராது, குறைவாகத்தான் வரும். நீங்கள் வரைந்த கோட்டில் வளைவுகள் குறைவு. பிறகு ஒரு மாவட்டப் படத்தை எடுத்து, அதில் தெரிகிற எந்த எல்லையையாவது அதே மாதிரி அளந்து, மாநிலப் படத்தில் உள்ள அதே பகுதியோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் புரிந்துவிடும். தேர்வு எழுதுகிறவர்கள் எந்த ஆண்டுப் பாடநூலை ஒட்டிக் கேள்வி வருகிறது என்று பார்த்துக்கொண்டு எண்ணை எழுதுங்கள். இரண்டு எண்ணையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எத்தனை நாள் ஆகும்

ஒரு வாரம் போதும். முதல் இரண்டு நாள் பார்த்து வரையுங்கள். மூன்றாம் நாள் பாதி பார்த்து, பாதி பார்க்காமல். நான்காம் நாளிலிருந்து வெறும் தாளில் ஆறு புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, கட்ச்சில் தொடங்கி, ஒவ்வொரு நாடு மாறும்போதும் வாய்விட்டு நாட்டின் பெயரையும், வரப்பா ஓடையா கல்லா என்பதையும், கிலோமீட்டரையும் சொல்லிக்கொண்டே வரையுங்கள். சிக்கிமில் தடுமாறினால் அது எல்லோருக்கும் நடப்பது. அந்த இடத்தை மட்டும் பெரிதாக, தனித் தாளில், நேபாளம், சீனா, பூடான், தெற்கே மேற்கு வங்கம் என்று நாலு பக்கமும் எழுதி இரண்டு தடவை வரையுங்கள்.

தனியாகப் படிப்பதைவிட இரண்டு பேர் சேர்ந்து படித்தால் சீக்கிரம் வரும். ஆரியங்காவுப் பிள்ளை ஒருத்தி பஸ்ஸில் வரும்போதே பக்கத்தில் இருக்கிறவளிடம் கேட்டுக்கொண்டு வருவாள். "மிசோரம் யாரைத் தொடுது?" "மியான்மர், வங்கதேசம்." "திரிபுரா?" "வங்கதேசம் மட்டும், மூணு பக்கமும்." அடுத்த கேள்விக்குள் பஸ் எஸ் வளைவில் இறங்கிப் புளியரைக்கு வந்துவிடும்.